பெட்ராவின் பாறை வழி: காணச் செல்வோர் கவனத்திற்கு



உம்ராவை நிறைவேற்றிவிட்டு ஜோர்டான் சென்று, சூழ்நிலை இடங்கொடுக்கும் காலங்களில் பைத்துல் முகத்தஸையும் ஸியாரத் செய்து திரும்பும் பயணங்கள் நம் ஊர்களிலிருந்தும் ஏற்பாடு செய்யப்படுகின்றன. அப்பயணங்களின் நிகழ்ச்சி நிரலில் 'அம்மானிலிருந்து பெட்ரா, ஒரு நாள்' என்று ஒரு வரி காணப்படுவதுண்டு. அந்த வரியைப் படித்தவர்கள் இமாம்களிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஹளரத், அது ஸமூது கூட்டத்தார் அழிக்கப்பட்ட ஊராமே! அங்கே போகலாமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அங்கு செல்பவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. அதை எவரும் கேட்பதில்லை. "இன்று அந்த மலைகளில் மழை உண்டா?" என்பதே அது. முதல் கேள்விக்குச் சுருக்கமாக விடை கூறிவிட்டு, இரண்டாம் கேள்வியைச் சற்று விரிவாகக் காண்போம். உயிர் சம்பந்தப்பட்டது இரண்டாவதுதான்.

ஸாலிஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் வாழ்ந்த இடம் ஹிஜ்ர் ஆகும். இன்று மதாயின் ஸாலிஹ் என அழைக்கப்படும் அவ்விடம் சவூதி அரேபியாவில் அல்உலா நகரை அடுத்துள்ளது. பெட்ராவோ ஜோர்டானின் தென்பகுதியில், வாதீ மூஸா என்னும் ஊரை ஒட்டி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 450 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரைக் கடந்தார்கள். தண்டிக்கப்பட்டோரின் வசிப்பிடத்தில் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாமென்று தோழர்களை எச்சரித்து, விரைந்து அப்பால் சென்றார்கள். அக்கிணற்று நீரில் பிசைந்த மாவையும் ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள். இந்தச் செய்தி ஹிஜ்ரைப் பற்றியது. அதைப் பெட்ராவுக்கு நீட்டிச் சொல்ல ஆதாரம் இல்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது? இரண்டு ஊர்களின் புகைப்படங்களும் ஒன்றுபோல் இருப்பதிலிருந்து வந்தது. இரண்டிலும் மலையைக் குடைந்து முகப்புகளைச் செதுக்கியவர்கள் நபத்தியர் என்னும் அரபு மக்கள். ஹிஜ்ரில் நாம் படங்களில் காணும் முகப்புகள் அவர்களுடைய கல்லறைகளே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை என்பதை அவற்றின் கல்வெட்டுகளே ஆண்டு குறித்துச் சொல்கின்றன. ஸமூதுகளோ மிக முந்தியவர்கள், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோனின் பதிவுகளிலேயே அப்பெயர் காணப்படுகிறது.

பெட்ரா ஒரே இரவில் அழிந்த ஊருமன்று. நபத்தியரின் தலைநகராக இருந்து, நறுமணப் பொருள்களின் வாணிபத்தால் செழித்து, கி.பி. 106-இல் ரோமப் பேரரசுடன் இணைக்கப்பட்டது. வாணிகத் தடங்கள் வேறு பக்கம் திரும்பின. 363-இல் ஒரு நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியைச் சாய்த்தது. அதன் பிறகும் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். 1993-இல் ஒரு பழைய தேவாலய இடிபாட்டில் கிடைத்த, நெருப்பில் கருகிய பாப்பிரஸ் சுருள்கள் ஆறாம் நூற்றாண்டின் சொத்து, திருமணம், வாரிசுரிமை விவகாரங்களைப் பேசுகின்றன. பாகப்பிரிவினைக்குச் சண்டையிட்டுக் கொண்டிருந்த ஊரை ஒரே நாளில் அழிந்த ஊர் என்று சொல்ல முடியுமா?

ஆகவே செல்லலாம். இனி, செல்லும் வழியைப் பார்ப்போம்.

மலை பிளந்த வழி

அம்மானிலிருந்து தெற்கே பாலைவன நெடுஞ்சாலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வாதீ மூஸாவை அடைந்துவிடலாம். ஊருக்குள் நுழையுமிடத்தில் மூஸா (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் ஓர் ஊற்று இருக்கிறது. தொலைவில் ஒரு மலையுச்சியில் வெண்ணிறக் குவிமாடம் ஒன்று தெரியும். அது ஹாரூன் (அலை) அவர்களின் அடக்கத்தலம் என்பது அப்பகுதியினரின் நம்பிக்கை. இவை வழிவழியாகச் சொல்லப்படுபவை. குர்ஆன் அவ்விடங்களைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கண்ணியத்துடன் கடந்து செல்லலாம்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புர்க்ஹார்ட் என்பவர் 1812-இல் இந்த ஹாரூன் மலையைக் காரணம் காட்டித்தான் உள்ளே சென்றார். ஷைகு இப்ராஹீம் என்ற பெயரில், முஸ்லிம் பயணியின் உடையில் வந்த அவர், அங்கே ஓர் ஆட்டை அறுத்துப் பலியிட நேர்ந்திருப்பதாகக் கூறி, அவ்வூர்வாசி ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் சென்றார். 'பெட்ராவைக் கண்டுபிடித்தவர்' என்று நூல்கள் அவரைப் புகழ்கின்றன. வழிகாட்டிச் சென்றவருக்கு அந்த இடம் முன்பே தெரிந்திருந்தது என்பதை அந்நூல்கள் கவனிப்பதில்லை. 1817-இல் கெய்ரோவில் இறந்த புர்க்ஹார்ட், முஸ்லிம்களின் மையவாடியிலேயே அடக்கப்பட்டார்.

நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் திறந்த வெளியில் நடந்த பின் மலை குறுக்கே நிற்கிறது. அந்த மலையில் ஒரு பிளவு. அதுதான் ஸீக். நீளம் 1.2 கிலோமீட்டர். இருபுறமும் செங்குத்தான மணற்பாறைச் சுவர்கள், சில இடங்களில் 80 மீட்டர் உயரத்துக்கு எழுகின்றன. அகலமோ ஓரிடத்தில் வண்டி திரும்பும் அளவு, மற்றோரிடத்தில் மூன்று மீட்டர் மட்டுமே. தலைக்கு மேலே வானம் ஒரு நீல நாடாவாகச் சுருங்கிவிடுகிறது. சூரியன் நகர நகரப் பாறையின் நிறமும் மாறுகிறது. காலையில் வெளிர் சிவப்பு, சற்று நேரத்தில் செம்மண், நிழலில் கத்தரிப்பூ. வழி வளைந்து வளைந்து சென்று, கடைசித் திருப்பத்தில் பாறை இடுக்கின் வழியே ஒரு மாளிகை முகப்பு கீற்றாகத் தெரிகிறது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். மக்கள் அதனை அல்கஸ்னா என்கிறார்கள். நம் தமிழில் 'கஜானா' என்று வழங்குகிறோமே, அதே வேர்ச்சொல். உள்ளே புதையல் இருக்கிறதென்று எண்ணிய முற்காலத்தவர் உச்சியிலுள்ள கல் தாழியைத் துப்பாக்கியால் சுட்ட தடங்கள் இன்றும் உள்ளன. தாழி முழுதும் கெட்டிப் பாறை! அது கருவூலமும் அன்று. கல்லறை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. 2003-இல் முற்றத்தைத் தோண்டியபோது கீழே அடக்க அறைகள் வெளிப்பட்டன.

வருகின்ற கூட்டம் இந்த முகப்பின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறது. வாசகர்களே, நீங்கள் வந்த வழியில் முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் உங்களுடனே ஓடி வந்ததே, அதைக் கவனித்தீர்களா? பெட்ராவில் முகப்பைவிட அந்த வாய்க்காலே பெரிய அதிசயம் என்பது இந்த எளியேனின் கருத்து.

தண்ணீரை அறிந்த மக்கள்

நபத்தியரின் முன்னோர் நாடோடிகள். கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ் அவர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் வீடு கட்டுவதையும் தானியம் விதைப்பதையும் மது அருந்துவதையும் தங்களுக்குள் தடை செய்திருந்தார்கள் என்கிறார். பாலைநிலத்தில் வாய் குறுகிய நிலத்தடித் தொட்டிகளைக் குடைந்து, காரை பூசி, மழை நீரைச் சேமித்து, தாங்கள் மட்டுமே அறிந்த அடையாளமிட்டு மூடிவைப்பார்கள். துரத்தி வரும் பகைவன் தாகத்தால் திரும்பிப் போக, இவர்கள் பாலையினுள்ளே பிழைத்திருப்பார்கள். வீடு கட்டுவதையே தடை செய்த அந்த மக்களின் சந்ததிகள்தாம் பின்னர் மலையையே நகரமாக்கினார்கள். தண்ணீரைப் பற்றிய அறிவு மட்டும் மாறவில்லை.

அந்தப் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தச் சொற்ப மழையும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். எனவே நபத்தியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, குடிக்க நீர் வேண்டும். மற்றொன்று, நீரிடமிருந்து தப்ப வேண்டும்.

முதலாவதற்காக ஊற்று நீரை ஸீக் வழியே நகருக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு புறம் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால். மறுபுறம், ஒன்றின் வாயில் மற்றொன்று பொருந்தும் சுட்ட மண் குழாய்கள். காரையால் இணைத்து, பாறைப் பள்ளத்தில் பதித்து, மேலே பூசி மூடியவை. சரிவு மிக மெல்லியது. நீர் தேங்கவும் கூடாது, சீறிப் பாய்ந்து குழாயை உடைக்கவும் கூடாது என்ற கணக்கு. இடையிடையே வண்டல் படியச் சிறு தொட்டிகள். நம் பள்ளிவாசல் ஹவ்ளுக்கு வாய்க்கால் வழியே நீர் வந்த காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும்.

இரண்டாவது கவலைக்கான விடை ஸீக்கின் வாசலில் இருக்கிறது. மலைப்பிளவு என்பது முதலில் நிலத்தின் அசைவால் பாறை விரிந்து உண்டானதுதான். ஆனால் அந்த விரிசலுக்குள் புகுந்து, கூர் முனைகளைத் தேய்த்து வழவழப்பாக்கியது வாதீ மூஸாவின் வெள்ளம். அதாவது நாம் நடக்கும் ஸீக் உண்மையில் ஒரு காட்டாற்றின் பாதை. நபத்தியர் அந்தக் காட்டாற்றைத் தடுத்து வழி மாற்றி, அதன் படுகையைத் தங்கள் ராஜபாட்டை ஆக்கிக்கொண்டார்கள். வாசலில் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். வலப்பக்க மலையில் ஏறத்தாழ 88 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கத்தைக் குடைந்தார்கள். வெள்ளம் அணையில் முட்டி, சுரங்கத்துள் திரும்பி, வேறொரு பள்ளத்தாக்கு வழியாக மலையைச் சுற்றி இறங்கும். பக்கவாட்டில் ஸீக்கினுள் வந்து விழும் சிறு ஓடைகளுக்கும் தனித்தனித் தடுப்பணைகள் எழுப்பினார்கள். நுழையும் போதே வலப்புறம் பாலத்தருகே நின்று பார்த்தால் அந்தச் சுரங்கத்தின் வாய் தெரியும். பெரும்பாலோர் அதைக் கடந்து ஓடிவிடுகிறார்கள்.

இந்த அறிவு பெட்ராவோடு நிற்கவில்லை. பெட்ராவுக்கும் அகபாவுக்கும் இடையே ஹுமைமா என்று ஒரு நபத்திய ஊர். ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீள வாய்க்கால் போட்டு அதற்கு நீர் கொண்டு வந்திருக்கிறார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து அப்பாஸிய குடும்பத்தார் குடியிருந்து, உமையா ஆட்சிக்கு எதிரான இயக்கத்தை மறைவாக நடத்திய ஊர் அதுதான்.

அணை தூர்ந்த பிறகு

நகரம் கைவிடப்பட்டது. அணையைப் பராமரிக்க ஆளில்லை. காட்டாறு தன் பழைய பாதைக்குத் திரும்பியது. நூற்றாண்டுக் கணக்கில் கல்லும் மணலும் கொண்டு வந்து ஸீக்கின் தரையை உயர்த்தியது. 1990-களின் இறுதியில் அந்தக் குவியலை அகற்றியபோதுதான் பழைய கல் பாவிய தரை வெளிப்பட்டது. பாறைச் சுவரில் செதுக்கிய ஓர் ஒட்டக வணிகக் கூட்டமும் வெளிப்பட்டது. மண்ணுக்குள் இருந்த ஒட்டகங்களின் கால்களும், அவற்றை நடத்திச் செல்பவரின் பாதங்களும் தெளிவாக உள்ளன. வெளியே இருந்த மேற்பகுதி தேய்ந்து போயிற்று.

1963 ஏப்ரலில் பிரான்சு நாட்டுப் பயணிகளின் குழு ஒன்று ஸீக்கினுள் நடந்துகொண்டிருந்தபோது வெள்ளம் வந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். செங்குத்துச் சுவர்களில் ஏற இடமில்லை. வந்த திசையில்தான் வெள்ளமும் வருகிறது. அதன் பின்னரே ஜோர்டானின் தொல்பொருள் துறை, நபத்தியர் அணை கட்டிய அதே இடத்தில் மீண்டும் அணை எழுப்பியது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தியவர்கள் தேர்ந்த இடமே சரியான இடமாக இருந்தது.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2018 அக்டோபர் 25 அன்று சாக்கடலை அடுத்த பள்ளத்தாக்குப் பகுதியில் திடீர் வெள்ளம் 21 உயிர்களைக் கொண்டு சென்றது. பெரும்பாலோர் பள்ளியிலிருந்து சுற்றுலா வந்த சிறுவர் சிறுமியர். கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினர். பதினைந்து நாள் கழித்து, நவம்பர் 9, ஒரு வெள்ளிக்கிழமை, மீண்டும் பெருமழை. நாட்டில் 12 பேருக்குக் குறையாமல் இறந்தனர். அன்று பெட்ராவில் இருந்த 3,500-க்கும் மேற்பட்ட பயணிகள் எச்சரிக்கை ஒலி கேட்டு உயர்ந்த இடங்களுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் வெளியேற்றப்பட்டனர். 2022 டிசம்பரிலும் 2025 மே மாதத்திலும் பெட்ராவிலிருந்து பயணிகளை இவ்வாறே வெளியேற்ற நேர்ந்தது.

பாலைவனத்தில் வெள்ளமா என்று வியப்போர் உண்டு. பாலைவனம் என்பதாலேயே வெள்ளம். நம் வயற்காட்டு மண் மழையைக் குடிக்கும். புல்லும் வேரும் அதைத் தாமதப்படுத்தும். அங்கோ மொட்டைப் பாறை. விழுந்த நீர் அப்படியே உருண்டு ஓடும். கிழக்கே 1,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஷரா மலைகளில் பெய்த மழை ஓடைகளில் சேர்ந்து, குறுகிய வாய்க்குள் நுழையும்போது அதன் உயரமும் வேகமும் பன்மடங்காகிவிடுகின்றன. நீர் தனியாகவும் வருவதில்லை. சேறும் கல்லும் கொண்டு வருகிறது. கீழே நிற்பவருக்கு வானத்தின் கீற்று மட்டுமே தெரியும். அந்தக் கீற்று நீலமாகவே இருக்கலாம். தலைக்கு மேல் மழை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவதே இறந்தோரில் பலரை ஏமாற்றியது.

நம் ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு இங்கே ஒரு மஸ்அலா நினைவுக்கு வரும். ஷாஃபியீ மத்ஹபின் அறிஞர்களில் சிலர், பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் தொழுவதை மக்ரூஹ் என எழுதினார்கள். வெள்ளம் வந்துவிடுமோ என்ற அச்சம் தொழுகையின் ஓர்மையைக் குலைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் அதைப் பொது விதியாக ஏற்கவில்லை. அந்த விவாதம் நீண்டது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. வறண்டு கிடக்கும் ஒரு வாதீயைக் கண்டவுடன் 'வெள்ளம் வருமோ' என்று எண்ணும் மனம் அந்தப் பெரியோர்களுக்கு இயல்பாக இருந்திருக்கிறது. பாட வகுப்பில் இதை நாம் எழுத்தாகப் படித்தோம். அந்த நாட்டு மக்களுக்கு அது அன்றாட அனுபவம்.

செல்பவர் செய்ய வேண்டியது

அக்டோபர் முதல் மே வரையிலான மாதங்களில் செல்வோர், முதல் நாள் இரவே வானிலை அறிவிப்பைப் பார்க்கவேண்டும். அம்மானின் வானிலை போதாது. மஆன் பகுதிக்கும் ஷரா மலைகளுக்கும் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எச்சரிக்கை இருந்தால் குழுத் தலைவர் அன்றைய நிகழ்ச்சியைத் தயங்காமல் ரத்து செய்யட்டும். 'பணம் கட்டியாகிவிட்டது, இன்னொரு முறை வரவா போகிறோம்' என்று குழுவில் யாரேனும் முணுமுணுப்பார். அவருடைய முணுமுணுப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

உள்ளே இருக்கும்போது எச்சரிக்கை ஒலி கேட்டாலோ, நீர் திடீரெனக் கலங்கி வந்தாலோ, மேற்பகுதியிலிருந்து இரைச்சல் எழுந்தாலோ, வாசலை நோக்கி ஸீக்கினுள் ஓடக்கூடாது. காவலர்களும் அப்பகுதி பதவீ மக்களும் காட்டும் உயர்ந்த இடத்துக்கு ஏறிவிட வேண்டும். அவர்களில் பலர் 1985 வரை அந்தக் குகைகளிலேயே குடியிருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மலையை அவர்கள் அறிவார்கள். கைப்பையையும் வாங்கிய பொருளையும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. உயிரைக் காப்பது மார்க்கம் நம்மீது சுமத்திய கடமை.

தொழுகையைப் பொறுத்தவரை, பயணிக்குக் கஸ்ரு உண்டு. ஷாஃபியீகள் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபீகள் அதனதன் நேரத்தில் தொழுவார்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் பயணியின் மீது ஜுமுஆ கடமையில்லை. கிப்லா அங்கே தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்த திசை. நம் ஊர்ப் பழக்கத்தில் மேற்கே திரும்பி நின்றுவிடாதீர்கள்! ஸீக்கினுள் விரிப்பு போடவேண்டாம். அது நடைபாதை, மேலே சொன்ன காரணமும் உண்டு. நகரின் உட்பகுதியில் நிலம் விரிந்து, மேட்டில் இடம் கிடைக்கும்.

நடை சாதாரணமானதன்று. நுழைவாயிலிலிருந்து கஸ்னாவுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நகரின் மறுகோடி வரை சென்றால் ஏறத்தாழ நான்கு. திரும்பும்போது முழுவதும் ஏற்றம். முட்டுவலி உள்ளவர்களும் முதியவர்களும் ஸீக் வழியாகச் செல்லும் மின்வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அத்தைர் என்னும் மற்றொரு பெரிய முகப்பு மலைமேல் உள்ளது. 800-க்கும் மேற்பட்ட படிகள். அங்கே கழுதைமேல் ஏற்றிச் செல்கிறோம் என்று சிறுவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். கனத்த உடம்புடைய ஒருவரைச் சுமந்து வழுக்கும் படியில் ஏறும் அந்தப் பிராணியின் மூச்சிரைப்பைக் கேட்ட பிறகும் ஏறத் தோன்றுமானால், படியேறாமல் கீழேயே அமர்ந்து ஒரு தேநீர் குடியுங்கள்.

ஒன்று கட்டணம் பற்றி. ஜோர்டானில் இரவு தங்குவோருக்குப் பல ஆண்டுகளாக நாள் கட்டணம் 50 தினார். தங்காமல் அன்றே நாட்டைவிட்டுச் செல்வோருக்கு 90 தினார். விசாவையும் சேர்த்து முன்பே வாங்கும் சலுகைச் சீட்டும் இருக்கிறது. பயண ஏற்பாட்டாளர் எதைக் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அஸர் நேரத்துக்குள் திரும்ப நடக்கத் தொடங்கிவிட்டால் இருட்டுமுன் வெளியே வந்துவிடலாம். அப்போது ஸீக்கில் கூட்டம் குறைந்திருக்கும். ஒட்டகச் சிற்பத்தின் அருகே சற்று நில்லுங்கள். அந்த வணிகர் நகரை நோக்கி நடக்கிறார். அவருக்குப் பின்னால், ஒட்டகங்களின் வயிற்று உயரத்தில், பாறையில் வெட்டிய வாய்க்கால் ஓடுகிறது.